அருமையும் பயனும்: சாதாரண அட்டைகள் விலையேறும் விதம்

முன்னுரை

தமிழில் 'அருமை' என்னும் சொல் இரண்டு பொருளைச் சுமக்கிறது. எளிதில் கிடைக்காதது அரியது. சிறப்புடையதும் அருமையானது. 'அருமையான சாப்பாடு' என்று சொல்லும்போது அந்தச் சாப்பாடு கிடைப்பதற்கு அரிது என்று யாரும் கருதுவதில்லை. நன்றாக இருக்கிறது என்றே கொள்கிறோம். ஆயினும், கிடைப்பதற்கு அரிதான பொருளே சிறந்த பொருள் என்னும் பழைய எண்ணம் இச்சொல்லுக்குள் இன்னமும் ஒளிந்திருக்கிறது.

இவ்வெண்ணம் எல்லா இடத்திலும் பொருந்துமா? இக்கேள்விக்கு விடை தேட இன்றைய இளைஞர்கள் பலருக்கும் அறிமுகமான ஒரு பொருளை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. அதுதான் சேகரித்து, மாற்றி, போட்டியில் ஆடும் விளையாட்டு அட்டை. இவ்வட்டைகளின்மீது அவற்றின் அரிய தன்மை அச்சிலேயே குறிக்கப்பட்டிருக்கும். அரிதென்று குறிக்கப்பட்ட அட்டை சில்லறைக் காசுக்கு விலைபோவதும், சாதாரணமென்று குறிக்கப்பட்ட அட்டை அதைவிடப் பன்மடங்கு விலைக்கு உயர்வதும் சந்தையில் நடக்கிறது. இஃது ஏன் நடக்கிறது, எப்போது நடக்காது, ஒரு மாணவர் தம் பணத்தைச் செலவழிக்குமுன் எவற்றைப் பார்க்க வேண்டும் என்பனவற்றை இனிக் காண்போம்.

தோட்டப்புறத்தில் ஒரு முன்னோடி

அட்டைக்குப் போகுமுன் நம் மாநிலத்தின் பழைய விளையாட்டு ஒன்றை நினைவுகூர்வது பயன்தரும். பேராக்கில் ரப்பர் மரம் 1877ஆம் ஆண்டிலேயே கோலக்கங்சாரில் நடப்பட்டது. பின்னர் சுங்கை சிப்புட், ஈப்போ வட்டாரங்களில் எழுந்த தோட்டங்களில் நம் முன்னோர் பால்வெட்டி வாழ்ந்தனர். அத்தோட்டங்களுள் பல இன்று செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம்விட்டுவிட்டன.

வெயிற்காலத்தில் ரப்பர்க் காய் படபடவென்று வெடிக்கும். ஒரு காயிலிருந்து மூன்று கொட்டைகள் சிதறும். மரத்தடியில் அள்ள அள்ளக் குறையாத இக்கொட்டைகளை வைத்துத் தோட்டப் பிள்ளைகள் ஒரு போட்டி ஆடுவார்கள். ஒரு கொட்டையின்மேல் இன்னொன்றை வைத்துக் கையால் ஓங்கி அடிப்பார்கள். உடைந்தது தோற்றது, உடையாதது வென்றது. வென்ற கொட்டை கால்சட்டைப் பைக்குள் போய்விடும். பல கொட்டைகளை உடைத்த கொட்டைக்கு ஈடாக ஒரு கைப்பிடி கொட்டை கொடுத்தாலும் அதை வைத்திருக்கும் பிள்ளை எளிதில் தரமாட்டான்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தக் கொட்டை கிடைத்தபோது அதற்குத் தனி மதிப்பு ஏதுமில்லை. அதன் மதிப்பை வெளிக்கொணர்ந்தது போட்டி. அட்டைச் சந்தையின் அடிப்படையும் இதுவே. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. கொட்டை விளையாட்டில் வென்ற அந்த ஒரு கொட்டைக்கே மதிப்பு. அட்டை விளையாட்டிலோ ஓர் அட்டை வென்றுவிட்டால் அதே பெயருடைய எல்லா அட்டைகளுக்கும் மதிப்பு ஏறிவிடும். அச்சிட்ட படிகள் எல்லாம் ஒன்றுபோல் இருப்பதே காரணம்.

அச்சகம் தரும் அருமை

'சீட்டு' என்றாலே பெரியவர்களுக்குச் சூதாட்டம்தான் நினைவுக்கு வரும். ஆகவே இக்கட்டுரை 'அட்டை' என்னும் சொல்லையே கையாள்கிறது. இவ்வகை விளையாட்டுகளின் முன்னோடி 'மேஜிக்: த கேதரிங்' ஆகும். கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்ற ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கிய இவ்விளையாட்டை 'விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட்' நிறுவனம் 1993ஆம் ஆண்டு வெளியிட்டது. 'போக்கிமோன்' அட்டை 1996இலும் 'யூகியோ' அட்டை 1999இலும் ஜப்பானில் பின்தொடர்ந்தன. முதலாவது விளையாட்டின் வரலாறு நீண்டதாகவும் சான்றுகள் நிறைந்ததாகவும் இருப்பதால் நம் எடுத்துக்காட்டுகள் அதிலிருந்தே அமைகின்றன.

அட்டைகள் மூடிய பொட்டலத்தில் விற்கப்படுகின்றன. உள்ளே எது இருக்கும் என்பது பிரித்த பிறகே தெரியும். அட்டைகள் சாதாரணம், சற்றே அரியது, அரியது எனப் பிரிக்கப்பட்டிருந்தன. ஆட்டக்காரர் வழக்கில் இவை முறையே காமன், அன்காமன், ரேர் எனப்படும். 2008ஆம் ஆண்டு வெளிவந்த 'ஷார்ட்ஸ் ஆஃப் அலாரா' தொகுதியில் மிக அரியது என்னும் நான்காம் வகை சேர்ந்தது. அதை மித்திக் ரேர் என்பர்.

அத்தொகுதியின் கணக்கைப் பார்த்தால் அச்சகம் தரும் அருமை எவ்வளவு என்பது விளங்கும். அதில் சாதாரண அட்டைகள் 101, சற்றே அரியவை 60, அரியவை 53, மிக அரியவை 15. ஒரு பொட்டலத்தில் சாதாரணம் 10, சற்றே அரியது 3, எஞ்சிய உயர்வகை அட்டை 1 என இருக்கும். அந்த ஓர் அட்டை ஏறத்தாழ எட்டுப் பொட்டலத்துக்கு ஒருமுறை மிக அரியதாக அமையும். ஆகவே நாம் விரும்பும் ஒரு குறிப்பிட்ட அட்டையைப் பெற ஏறத்தாழப் பிரிக்க வேண்டிய பொட்டலங்கள் பின்வருமாறு:

சாதாரணம்: 10 பொட்டலம்
சற்றே அரியது: 20 பொட்டலம்
அரியது: 60 பொட்டலம்
மிக அரியது: 120 பொட்டலம்

2024 முதல் இவ்விளையாட்டின் பொட்டல அமைப்பு மாறிவிட்டது. ஆயினும் படிநிலை மாறவில்லை. இக்கணக்கை மட்டும் பார்ப்பவர் மிக அரிய அட்டை எப்போதும் சாதாரண அட்டையைவிடப் பன்னிரண்டு மடங்கு விலைபெறும் என்றே நினைப்பார். சந்தை அப்படி நடப்பதில்லை. காரணம், இது வரத்துக் கணக்கு மட்டுமே. விலைக்குத் தேவை என்னும் இன்னொரு கையும் வேண்டும்.

ஆட்டம் தரும் மதிப்பு

தேவையைப் போட்டியின் விதிகளே பெரும்பாலும் உருவாக்குகின்றன. வழக்கமான போட்டியில் ஓர் ஆட்டக்காரரின் அட்டைக்கட்டில் குறைந்தது 60 அட்டைகள் இருக்க வேண்டும். அடிப்படை நில அட்டைகள் நீங்கலாக, ஒரே பெயருடைய அட்டை நான்குக்குமேல் இருத்தலாகாது. இந்த நான்கு என்னும் எண்ணில்தான் சாதாரண அட்டையின் வலிமை அடங்கியிருக்கிறது.

எடுத்துக்காட்டாக, 200 பேர் கலந்துகொள்ளும் போட்டி ஒன்றை எண்ணிப் பார்ப்போம். அதில் 60 பேர் ஒரே வகை அட்டையை நான்கு நான்காக வைத்திருந்தால் 240 படிகள் தேவைப்படும். அதே போட்டியில் படத்தில் பெரிய அரக்கன் மிரட்டும் ஓர் அரிய அட்டையை ஐந்து பேர் மட்டும் ஒவ்வொன்று வைத்திருந்தால் ஐந்து படிகளே போதும். அரக்கன் வரத்தில் அரியவன். தேவையிலோ மிகச் சிறியவன்.

போட்டியாளர்கள் விரும்பும் அட்டை பெரும்பாலும் ஆரவாரமற்றது. குறைந்த செலவில் வேலையை முடிப்பது, எதிராளியின் திட்டத்தைத் தக்க நேரத்தில் தடுப்பது, எந்தக் கட்டிலும் பொருந்துவது ஆகிய மூன்று இயல்புகளும் அதற்கு இருக்கும். இதற்குச் சிறந்த சான்று 1996ஆம் ஆண்டு 'அலையன்சஸ்' தொகுதியில் வந்த 'ஃபோர்ஸ் ஆஃப் வில்' என்னும் அட்டை. அது அச்சில் சற்றே அரிய வகையைச் சார்ந்தது. எதிராளி போடும் அட்டையை அது செல்லாததாக்கிவிடும். அதைப் போட ஐந்து அளவு ஆற்றல் செலவிட வேண்டும். ஆனால் கையிலுள்ள இன்னொரு நீல அட்டையையும் ஓர் உயிர்ப்புள்ளியையும் இழக்க முன்வந்தால் ஆற்றல் சிறிதும் தேவையில்லை. முதல் சுற்றிலேயே வென்றுவிட முயலும் கட்டுகள் நிறைந்த பழைய அட்டை ஆட்டமுறைகளில் இஃது ஒரு காவற்காரனாக நின்றது. 2004இல் 'லெகசி' என்னும் ஆட்டமுறை உருவானபின் நீல அட்டைக்கட்டு வைத்திருப்போர் பலரும் இதை நான்கு நான்காகத் தேடினர். தொகுதியோ நெடுங்காலத்துக்கு முன்பே அச்சு நின்றுபோனது. விலை ஏறியது.

அதன்பிறகு நடந்தது இன்னும் வியப்பானது. 2016இல் 'இட்டர்னல் மாஸ்டர்ஸ்' தொகுதியில் இவ்வட்டை மறுபதிப்பானபோது நிறுவனம் அதை மிக அரிய வகையாக அச்சிட்டது. 1997இல் 'டெம்பெஸ்ட்' தொகுதியில் சற்றே அரியதாக வந்த 'வேஸ்ட்லேண்ட்' அட்டையும் அதே 2016 தொகுதியில் அரிய வகைக்கு உயர்ந்தது. 1994இல் 'லெஜண்ட்ஸ்' தொகுதியில் சற்றே அரியதாக இருந்த 'மனா டிரெயின்' 2017இல் மிக அரியதாகத் திரும்பி வந்தது. அட்டையின் சொற்கள் ஆற்றலில் மாறவில்லை. அதன் அருமை வகையே மாறியது. அருமை மதிப்பைத் தரும் என்று தொடங்கிய இடத்தில், ஆட்டம் தந்த மதிப்பைப் பார்த்து அச்சகம் அருமையைத் திருத்திக்கொண்டது எனலாம்.

பயன் மட்டும் போதுமா?

இதுவரை கூறியதைக் கொண்டு, நன்றாக ஆடும் சாதாரண அட்டை எல்லாம் விலையேறும் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. 1993ஆம் ஆண்டின் முதல் தொகுதியிலேயே வந்த 'லைட்னிங் போல்ட்' அட்டையைப் பாருங்கள். ஓர் அளவு ஆற்றலுக்கு மூன்று புள்ளி சேதம் விளைவிக்கும் இச்சாதாரண அட்டை, விளையாட்டின் வரலாற்றில் மிகுதியாக ஆடப்பட்ட அட்டைகளுள் ஒன்று. ஆயினும் இது பலமுறை மறுபதிப்பானது. வரத்து மிகுந்ததால், மிகப் பழைய பதிப்புகள் நீங்கலாக, மாணவர் கைக்கு எட்டும் விலையிலேயே நிற்கிறது. ரப்பர்க் கொட்டையும் அப்படியே. எவ்வளவு வலிய கொட்டை என்றாலும் மரத்தடியில் இன்னொன்று இலவசமாகக் கிடைக்குமானால் அதற்காக யாரும் வெள்ளி கொடுக்கமாட்டார்.

ஆகவே சாதாரண அட்டை விலையேற இரண்டு நிலைமைகள் சேர வேண்டும். ஒன்று, போட்டியில் நிலையான தேவை. மற்றொன்று, புதிய வரத்து நின்றுபோதல். ஒரு தொகுதி விற்பனையில் இருக்கும்வரை பொட்டலம் பிரிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். அப்போது சாதாரண அட்டை விலையேறுவது கடினம். தொகுதி அச்சு நின்று சில ஆண்டுகள் கடந்தபின் ஒரு புதிய ஆட்டமுறையோ புதிய அட்டைக் கூட்டணியோ அதைத் தேட வைக்கும்போதுதான் ஏற்றம் நிகழ்கிறது.

இங்கே மனித இயல்பும் ஒரு பங்கு வகிக்கிறது. அரிய அட்டை கிடைத்தால் உடனே பிளாஸ்டிக் உறைக்குள் போடுகிறோம். சாதாரண அட்டையை ரப்பர் வளையம் மாட்டிக் காலணிப் பெட்டிக்குள் தள்ளுகிறோம். ஆட்டம் முடிந்த மேசையிலேயே விட்டுவிட்டுப் போவோரும் உண்டு. பத்தாண்டு கழித்துத் தேடும்போது, அச்சிட்ட எண்ணிக்கையைவிட நல்ல நிலையில் விற்பனைக்கு வரும் எண்ணிக்கை மிகக் குறைவாக இருக்கும். சாதாரணமென்று ஒதுக்கிய செயலே அதை அரிதாக்கிவிடுகிறது.

விதி மாறினால் விலை மாறும்

ஆட்டம் தந்த மதிப்பை ஆட்டத்தின் விதியே பறித்துக்கொள்ளவும் கூடும். 2011ஆம் ஆண்டு மே மாதம் வந்த 'மென்டல் மிஸ்ஸ்டெப்' என்னும் சற்றே அரிய அட்டை லெகசி ஆட்டமுறையில் மளமளவென்று பரவியது. அதே ஆண்டு செப்டம்பரில் அதற்கு அங்குத் தடை அறிவிக்கப்பட்டது. 2014ஆம் ஆண்டு 'கான்ஸ் ஆஃப் தார்க்கிர்' தொகுதியில் சாதாரண அட்டையாக வந்த 'டிரெஷர் குரூஸ்' போட்டிகளை ஆட்டிப்படைத்தது. 2015 ஜனவரியில் 'மாடர்ன்', 'லெகசி' ஆகிய இரு ஆட்டமுறைகளிலும் அது தடைசெய்யப்பட்டது. தொகுதி வெளியாகி நான்கு மாதம்கூட முழுதாக ஆகவில்லை. உச்சத்தில் நான்கு படிகள் வாங்கியவரிடம் எஞ்சியது அழகான காகிதம்தான்.

மறுபதிப்பு இரண்டாவது இடர். 1995இல் பழைய அட்டைகளைப் பெருமளவில் மறுபதிப்புச் செய்த 'குரோனிக்கிள்ஸ்' தொகுதி சேகரிப்பாளர்களின் சினத்தைக் கிளறியது. அதன் விளைவாகச் சில அட்டைகளை இனி அச்சிடுவதில்லை என்று நிறுவனம் 1996இல் ஒரு பட்டியலை வெளியிட்டது. சாதாரண வகை அட்டைகளுக்குப் பெரும்பாலும் அந்தப் பாதுகாப்பு இல்லை. இன்று விலையேறிய சாதாரண அட்டையை நாளையே நிறுவனம் மீண்டும் அச்சிடலாம். ஆடுபவருக்கு அது நல்ல செய்தி. முதலீடென்று பதுக்கியவருக்குக் கெட்ட செய்தி.

மலேசியருக்கு மூன்றாவது இடரும் உண்டு. அட்டைகளின் உலக விலை பெரும்பாலும் அமெரிக்க டாலரில் பேசப்படுகிறது. 1998 முதல் 2005 வரை ஒரு டாலருக்கு 3.80 ரிங்கிட் என்று நிலைநிறுத்தப்பட்டிருந்த நாணய மதிப்பு அதன்பின் ஏறியும் இறங்கியும் வருகிறது. அட்டையின் விலை அசையாமலிருந்தாலும் நம் செலவு அசையும்.

மலேசிய மண்ணில் இரு சான்றுகள்

2008ஆம் ஆண்டு பிப்ரவரியில் இவ்விளையாட்டின் உலகத் தொழில்முறைப் போட்டி கோலாலம்பூரில் நடைபெற்றது. அமெரிக்கரான ஜான் ஃபின்கல் வாகை சூடினார். அப்போட்டி 'டிராஃப்ட்' முறையில் அமைந்தது. யாரும் வீட்டிலிருந்து அட்டைக்கட்டு கொண்டுவருவதில்லை. மேசையில் அமர்ந்து பொட்டலத்தைப் பிரித்து, ஓர் அட்டையை எடுத்துக்கொண்டு மீதியைப் பக்கத்திலிருப்பவரிடம் தள்ளி, கிடைத்ததைக்கொண்டே கட்டமைத்து ஆட வேண்டும். பொட்டலத்தில் பெரும்பகுதி சாதாரண அட்டைகளே என்பதால் அவற்றை எடைபோடத் தெரிந்தவரே வெல்ல முடியும். கைப்பணத்தின் கனம் அங்குச் செல்லுபடியாகாது.

இரண்டாவது சான்று மலேசிய ஆட்டக்காரர் டெரி சோ. 2005ஆம் ஆண்டின் அழைப்புப் போட்டியில் வென்ற அவருக்கு, தாம் வடிவமைத்த அட்டையில் தம் உருவம் இடம்பெறும் சிறப்புக் கிடைத்தது. 2006இல் வெளிவந்த 'ராக்டோஸ் ஆகர்மேஜ்' என்னும் அவ்வட்டை அரிய வகையைச் சார்ந்தது. நாட்டுக்குப் பெருமை சேர்த்த அட்டைதான். எனினும் போட்டிகளில் அது பரவலாக இடம்பெறவில்லை, விலையிலும் உயரவில்லை. அச்சிட்ட அருமை மட்டும் விலையைத் தாங்காது என்பதற்கு நம் நாட்டிலிருந்தே கிடைக்கும் சான்று இது.

பணம் குறைந்த மாணவருக்கு இன்னொரு வழியும் உண்டு. சாதாரண அட்டைகளை மட்டுமே அனுமதிக்கும் 'பாப்பர்' என்னும் ஆட்டமுறை 2019இல் காகித அட்டைகளுக்கும் அதிகாரப்பூர்வமானது. ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கு 'ஏழை' என்று பொருள். ஆனால் இங்கும் சந்தையின் விதி தொடர்ந்தது. 1993ஆம் ஆண்டின் 'அரேபியன் நைட்ஸ்' தொகுதியில் வந்த 'ஊப்லியெட்' என்னும் சாதாரண அட்டைக்குத் தேவை பிறந்ததும் விலை ஏறியது. 2020இல் மறுபதிப்பு வந்தபின்பே எல்லாரும் வாங்கும் நிலை ஏற்பட்டது. ஏழைகளின் ஆட்டத்திலும் வரத்தும் தேவையும் தத்தம் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தன.

மாணவர் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

கல்விக் கடனிலும் பகுதிநேர வேலையிலும் காலம் தள்ளும் மாணவருக்கு ஒவ்வொரு வெள்ளியும் முக்கியம். ஓர் அட்டைக்குப் பணம் கொடுக்குமுன் பின்வருவனவற்றைக் கேட்டுக்கொள்வது நன்று.

முதலாவது, இவ்வட்டையை எத்தனை வகையான கட்டுகள் பயன்படுத்துகின்றன? ஒரே கட்டை நம்பியிருக்கும் அட்டை அக்கட்டோடு விழும். பல கட்டுகளில் பொருந்தும் அட்டை நிலைக்கும்.

இரண்டாவது, ஒரு கட்டுக்கு எத்தனை படிகள் வேண்டும்? நான்கு படி வேண்டும் அட்டைக்கும் ஒரு படி வேண்டும் அட்டைக்கும் தேவையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு.

மூன்றாவது, புதிய படிகள் இன்னமும் சந்தைக்கு வருகின்றனவா? வருமாயின் பொறுத்திருப்பதே நன்று. வரவில்லை என்றாலும், விலை ஏறிய அட்டையை மறுபதிப்பு எப்போதும் துரத்திக்கொண்டிருக்கும்.

நான்காவது, தடை விழுந்தால் இந்த இழப்பைத் தாங்க முடியுமா? எல்லாரும் புலம்பும் அளவுக்கு ஓர் அட்டை வெல்கிறது என்றால் தடை அருகில் இருக்கிறது என்று பொருள்.

இந்நான்குக்கும் பொதுவான அறிவுரை ஒன்றே. ஆடுவதற்கு ஓர் அட்டை தேவையென்றால் அந்த அட்டையைத் தனியாக விலைகொடுத்து வாங்குவதே சிக்கனம். சற்றே அரிய ஓர் அட்டைக்காக 20 பொட்டலம் பிரிப்பது, கிணறு வெட்டித் தாகம் தீர்ப்பதைப் போன்றது. பொட்டலம் பிரிக்கும் இன்பத்துக்குத்தான் பணம் கொடுக்கிறோம் என்றால் அதைத் தெரிந்தே கொடுக்க வேண்டும். அதைச் சேமிப்பு என்று வீட்டில் சொல்லிக்கொள்வதுதான் தவறு.

முடிவுரை

மேற்கண்டவற்றைத் தொகுத்துப் பார்த்தால், அட்டையின் விலைக்கு அருமை, பயன், விதி ஆகிய மூன்றும் காரணமாவதை உணரலாம். அருமையை அச்சகம் தருகிறது. பயனை ஆட்டக்காரர்கள் கண்டுபிடிக்கிறார்கள். விதி அப்பயன் எத்தனை நாள் நீடிக்கும் என்று தீர்மானிக்கிறது. இம்மூன்றுள் ஆட்டக்காரரின் அறிவுக்கு இடம் தருவது பயன் ஒன்றே. பிறர் புறக்கணித்த அட்டையை எடுத்துப் படித்து, இஃது இன்ன இடத்தில் உதவும் என்று முதலில் கண்டவரே விலை ஏறுமுன் அதை வைத்திருக்கிறார். அதற்குத் தேவை பொறுமையான வாசிப்பு; அது காசு கொடுத்து வாங்கும் பொருளன்று.

'அருமை' என்னும் சொல்லின் இரு பொருளும் நம் வழக்கில் இணைந்தே இருக்கட்டும். ஆனால் ஒரு பொருளின் மதிப்பை அளக்கும்போது மட்டும் அவற்றைப் பிரித்துப் பார்க்கப் பழகுவோம். அரிதென்று பொறித்த முத்திரையை யார் வேண்டுமானாலும் படித்துவிடலாம். சாதாரணமென்று பொறித்ததன் பயனை அறிய ஆடித்தான் பார்க்க வேண்டும்.